கம்பியைத் தூக்காத வெள்ளிக்கிழமை

அமலதாசுக்கு மரத்தைக் கண்டால் பயம் கிடையாது. ஆனால் மரம் சாயத் தொடங்கினால் அவருடைய கால்கள் அவரைக் கேட்காமலே கிளம்பிவிடும். நடந்த குழப்பம் அத்தனைக்கும் அந்தக் கால்கள்தான் காரணம். அதனால் அவற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

இருபத்துநான்கு வருஷம் செயின்சா பிடித்து மரம் வெட்டியவர் அவர். அந்த வேலையில் ரம்பத்தை மரத்தில் வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. மரம் சாயப் போகும் திசைக்குப் பின்பக்கமாக, கொஞ்சம் சாய்வாக, ஓடுவதற்கு ஒரு வழியைத் துப்புரவு செய்து வைக்க வேண்டும். கொடி, வேர், குச்சி எதுவும் காலைத் தட்டக் கூடாது. மரம் முனகியதும் கையில் இருப்பதை விட்டுவிட்டு அந்த வழியில் போய்விட வேண்டும். ரம்பம் விலை கூடியதாச்சே என்று யோசித்தவன் பிழைத்ததில்லை. ஒருமுறை ரொம்பின் காட்டில் ஒரு மரத்தின் அடிப்பாகம் எகிறி, அவர் நின்றிருந்த இடத்தைக் குத்திக் கிளறியது. ரம்பம் தகடாகிவிட்டது. அவரோ பதினைந்தடி தள்ளி நின்று சட்டைப் பையில் சிகரெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். எப்படி அங்கே போனோம் என்று அவருக்கே தெரியாது. எல்லாம் கால்கள் செய்த வேலை.

இப்பேர்ப்பட்ட கால்களைப் போய் யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் குறை சொல்லும் நாளும் வந்தது. ஜொகூர் மாநிலத்தில் காஹாங் பக்கத்து அக்கேசியா தோட்டத்துக்கு கம்பெனி இரண்டு மெஷின்களை இறக்கியது. மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் மாதிரிதான் இருக்கும். ஆனால் நீண்ட கையின் நுனியில் வாளிக்குப் பதிலாக ஒரு பெரிய இரும்புத் தலை. அந்தத் தலை மரத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கும், அறுக்கும், சாய்க்கும், சாய்ந்த மரத்தைத் தன் உருளைகளுக்கு நடுவே சரசரவென்று இழுத்துக் கிளைகளைக் கழிக்கும், அளவாகத் துண்டு போடும். ஒரு மரத்துக்கு ஒரு நிமிஷம். தோட்டத்து ஆட்கள் பார்த்த மாத்திரத்தில் அதற்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கம்பெனி மேனேஜர் கூட்டம் போட்டுச் சொன்னது இதுதான்: சமநிலத்தில் இனிமேல் நண்டு வெட்டும். செயின்சா ஆட்கள் பகாங் எல்லைப் பக்கம் மேட்டுக்காட்டுக்குப் போக வேண்டும். மெஷின் பழக விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம். மூன்று வாரப் பயிற்சி, கடைசி வெள்ளிக்கிழமை பரீட்சை.

அமலதாஸ் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ஐம்பத்தொரு வயதில் மெஷின் மேல் அவருக்கு என்ன ஆசை என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். ஆசை மெஷின் மேல் இல்லை. மேட்டுக்காடு என்றால் கொங்சி வாழ்க்கை. கொங்சி என்பது காட்டுக்குள்ளேயே பலகையும் தகரமும் வைத்து அடித்த ஆள் கொட்டகை. திங்கட்கிழமை விடியுமுன் போனால் சனிக்கிழமை மதியம்தான் வீடு. கல்யாணம் ஆன நாள் முதல் அதுதான் பிழைப்பு. மெஷின் ஓட்டுகிறவனுக்கோ ஐந்து மணிக்கு வேலை முடியும். மோட்டார் சைக்கிளை எடுத்தால் ஐந்தரைக்கு வீடு. ஒவ்வொரு நாளும்.

அவர் மனைவி டொரத்தி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். மாலையில் ஆர்டருக்கு கேக் செய்கிறாள். ஒரே மகள் ஸ்டெஃபனி சிங்கப்பூரில் வேலைக்குப் போன பிறகு, வாரத்தில் ஐந்து நாள் அவள் ஒரு ஆளுக்குத்தான் சமைத்தாள். மெஷின் வருவதற்கு முந்தின மாதம் அமலதாஸ் முட்டை பொரிக்கப் போய் உப்பு ஜாடியைத் தேடினார். மேல் அலமாரி, கீழ் அலமாரி, ஐஸ் பெட்டி வரைக்கும் பார்த்துவிட்டார். கடைசியில் டொரத்தி வந்து அடுப்புக்குப் பின்னால் இருந்த பச்சை மைலோ டின்னைத் தட்டிக் காட்டினாள்.

"பத்து வருஷமா இதுலதாங்க உப்பு இருக்கு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. பத்து வருஷம்!

பயிற்சி கொடுக்க வந்தவர் ரூபேந்திரன். நாற்பது வயது இருக்காது. நியூசிலாந்தில் ஏழு வருஷம் இதே மெஷினை ஓட்டிவிட்டு ஜொகூருக்குத் திரும்பியவர். பழக வந்தவர்களில் கடைசிவரை தாக்குப்பிடித்தது இரண்டே பேர். ஒருவர் அமலதாஸ். இன்னொருத்தி மலர். முப்பத்துநான்கு வயது. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவள்.

முதல் வாரம் கன்டெய்னர் அறைக்குள் திரைக்கு முன்னால் பயிற்சி. நிஜ நாற்காலி, நிஜ ஜாய்ஸ்டிக். மரம் மட்டும் படம். அதில் அமலதாஸ் எண்பத்தொரு மார்க் எடுத்தார். எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்த்தால் அடுத்ததற்கு இடைஞ்சல் இருக்காது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லையே. மலர் அறுபத்துநாலு.

"அலமாக்! அண்ணே, நீங்க ராத்திரியில பேரப்பிள்ளைங்க கேம் விளையாடுறீங்களா?" என்றாள் மலர்.

"எனக்குப் பேரப்பிள்ளை இல்ல தங்கச்சி. இருபத்துநாலு வருஷக் காடு தலைக்குள்ள இருக்கு, அதான்."

அன்று மாலை கோழி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பாஸ் பண்ணின மாதிரிதான் என்று டொரத்தியிடம் சொல்லியும்விட்டார். ரெண்டே நாளில் சமையல்கட்டில் இருந்த ஒற்றை ஸ்டூல் போய், மடக்கு மேசையும் இரண்டு நாற்காலியும் வந்து உட்கார்ந்தன.

இரண்டாவது வாரம் நிஜ மரம்.

நண்டின் தலை மரத்தடியைக் கவ்வியது. ரம்பம் பாய்ந்தது. மரம் லேசாக முனகியது. அடுத்த நொடி அமலதாசின் இரண்டு கைகளும் ஜாய்ஸ்டிக்கை விட்டிருந்தன. இடது கை, பக்கத்தில் இருந்த பாதுகாப்புக் கம்பியைத் தூக்கிவிட்டது. ஒரு கால் கதவுப் பக்கம் நீண்டிருந்தது.

அந்தக் கம்பியின் சங்கதி இதுதான். ஓட்டுநர் எழுந்து இறங்குவதற்காக அதைத் தூக்க வேண்டும். தூக்கினால் மெஷினின் இரும்புக் கை அந்த இடத்திலேயே விறைத்து நின்றுவிடும். யாருக்கும் அடிபடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அமலதாஸ் தூக்கியதும் நண்டு செத்த மாதிரி நின்றது. பாதி சாய்ந்த மரம் பக்கத்து மரத்தின் தோளில் போய்ச் சாய்ந்துகொண்டது.

வாக்கிடாக்கியில் ரூபேந்திரன் குரல் வந்தது. "அண்ணே, எங்க போறீங்க?"

அமலதாஸ் தன் காலைப் பார்த்தார். "தெரியல லா தம்பி."

"உள்ள இருக்கிறதுதான் அண்ணே பத்திரம். இரும்புக் கூண்டு, சுத்தியும் தடிப்புக் கண்ணாடி. வெளிய குதிச்சாத்தான் ஆபத்து."

புத்திக்கு அது புரிந்தது. கால்களுக்குப் புரியவில்லை. அன்றைக்கு எட்டு மரம், எட்டுத் தடவை கம்பி. மறுநாள் ஒன்பது மரத்துக்கு ஏழு தடவை. திரையில் இது நடக்கவே இல்லை, ஏனென்றால் படத்து மரம் யாரையும் கொல்லாது என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

மலருக்கு அந்தத் தொல்லையே இல்லை. வானம் இடிந்து விழுந்தாலும் அவள் கை ஜாய்ஸ்டிக்கை விடாது. ஆனால் மரம் எந்தப் பக்கம் கனத்து நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எல்லா மரத்தையும் நேராகப் போய்க் கவ்வுவாள். ரம்பம் இறுகி மாட்டிக்கொள்ளும்.

"உச்சியப் பாரு தங்கச்சி, அடியப் பாக்காத. இலை எந்தப் பக்கம் அடர்த்தியா இருக்கோ அங்கதான் போகப் பாக்கும்" என்று அமலதாஸ் சொல்லிக் கொடுத்தார். ரெண்டே நாளில் அவள் பிடித்துக்கொண்டாள். பதிலுக்கு அவளும் யோசனை சொன்னாள். "அண்ணே, ஒன்னு ரெண்டு எண்ணிப் பாருங்களேன்." எண்ணினார். இரண்டு என்னும்போது கம்பி மேலே இருந்தது. "பேசாம சீட் பெல்ட்டுக்கு ஒரு பூட்டு போட்டு, சாவிய நான் வச்சுக்கவா?"

"போட்டா மெஷினையும் சேத்துத் தூக்கிட்டு ஓடுவேன்" என்றார். சிரித்தார்கள். ஆனால் அவர் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை ரூபேந்திரன் அவரை நிழலுக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அண்ணே, மறைக்காம சொல்றேன். வெள்ளிக்கிழமை இருபது மரம். நடுவுல கம்பி ஒரு தடவை மேல போனாலும் ஃபெயில். ரூல் நான் போட்டது இல்ல. வெட்டுறதுல உங்கள அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா இன்னைக்கும் நாலு தடவை தூக்கிட்டீங்க."

"நாலுதானே? போன வாரம் ஏழு."

"நான் எண்ணுனது சாப்பாட்டுக்கு முன்னாடி."

அமலதாஸ் தண்ணீரைக் குடித்தார். மேட்டுக்காட்டுக் கொங்சியின் தகரக் கூரை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த இரண்டு நாற்காலிகளும் தெரிந்தன.

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டொரத்தி கேட்கவும் இல்லை. ஆனால் இரண்டாவது தட்டில் மிஞ்சிப்போன சோற்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், அவர் வந்து குளித்ததும் அவள் வேன் சாவியோடு நின்றாள். "குளுவாங் வரைக்கும் வர்றீங்களா? கேக் ஒன்னு கொண்டு போகணும். ரெண்டு தட்டு கேக்கு. பின்னால வச்சா சரிஞ்சிரும். மடியில வச்சுப் புடிக்க ஒரு ஆள் வேணும்."

டொரத்தியின் வேனில் அமலதாஸ் ஏறுவதே அபூர்வம். ஏறினால் அவளுக்குத் தலைவலி. முன்னால் போகும் லோரி பிரேக் விளக்கைப் போட்டாலே போதும், இவர் தரையை ஓங்கி மிதிப்பார், கதவுக் கைப்பிடியைத் தாவிப் பிடிப்பார். "அந்தப் பக்கம் பிரேக் இல்லைங்க" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

அன்றைக்கு மடியில் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளைக் கேக், மேலே கிரீமில் செய்த பதினோரு ரோஜாக்கள். குளுவாங்கில் ஒரு தம்பதிக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். டொரத்தி முதல்நாளிலிருந்து அதற்காக நின்ற கால் மாறவில்லை. அது அவருக்குத் தெரியும். இரண்டு கையையும் பெட்டிக்கு அடியில் விரித்துக் கொடுத்து உட்கார்ந்தார்.

எண்ணெய்ப்பனைக்கு நடுவே ரோடு வளைகிற இடத்தில், ஒரு பெரிய உடும்பு தன் பாட்டுக்கு ரோட்டைக் கடந்தது. டொரத்தி பிரேக்கை ஒரே மிதி மிதித்தாள். வேன் கிறீச்சிட்டது. பின் இருக்கையில் பள்ளிப் பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் போத்தல் ஒன்று உருண்டு முன்னால் வந்தது. உடும்பு வாலை இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போயிற்று.

"கேக்!" என்றாள் டொரத்தி.

அமலதாஸ் பெட்டியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். வேன் முன்னால் வீசியபோது அவர் கைகளும் கூடவே மெல்ல முன்னால் போய், திரும்பி வந்திருந்தன. மூடியைத் திறந்து பார்த்தார்கள். ஒரே ஒரு ரோஜா மட்டும் கொஞ்சம் தலை சாய்ந்திருந்தது. அவள் கைப்பையிலிருந்து சின்னக் கரண்டி ஒன்றை எடுத்து அதை நிமிர்த்தினாள். மூடப் போனவள் நிறுத்தி அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க கதவப் புடிக்கலையே."

"கேக் இருந்துச்சே."

"தரையயும் மிதிக்கல."

அமலதாஸ் தன் கால்களைப் பார்த்தார். இரண்டும் சமர்த்தாக வேன் தரையில் சேர்ந்தாற்போல் இருந்தன. பிறகு, வேன் நகர்ந்ததும், மூன்று வாரக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். கம்பியை, எட்டுத் தடவையை, ஏழு தடவையை, பூட்டுச் சாவியை, கொங்சியை. கேக் பெட்டியிடம் சொல்வது போலத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

டொரத்தி ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள். முடிந்ததும், "அந்த மெஷினு தலை மரத்தப் புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு, சாயும்போது?" என்றாள்.

"ஆமா. கடைசி வரைக்கும் விடாது."

"அப்ப அது உங்க கையிலதானே இருக்கு. நீங்க வெட்டிப் போட்ட மரம் இல்லையே. தூக்கிக்கிட்டுப் போற மரம்."

இருபத்துநான்கு வருஷத்தில் அமலதாஸ் எந்த மரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. வெட்டியவுடன் மரம் தன் வழியில், அவர் தன் வழியில். ரூபேந்திரன் மூன்று வாரமாகப் பத்திரம், கூண்டு, கண்ணாடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வார்த்தையை அவரும் சொல்லவில்லை. பாவம், செயின்சா பிடிக்காமலே நேராக மெஷினுக்குப் போனவர். விட்டுவிட்டு ஓடும் பழக்கம் அவருக்கு எங்கே தெரியும்?

கல்யாண நாள் வீட்டில் கேக்கை வாங்கிக்கொண்ட அம்மா, "அண்ணன் ரொம்பப் பத்திரமா கொண்டாந்திருக்காரு" என்றாள். அமலதாசுக்கு மெடல் குத்தியது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வெயில் சுருக்கென்று இருந்தது. பரீட்சை பார்க்க வந்த அதிகாரி, கையில் அட்டையோடு, சிவப்புக் கொடி நட்ட தூரத்துக்கு அப்பால் நின்றார். பக்கத்தில் ரூபேந்திரன். முதலில் மலர் ஏறினாள். இருபது மரத்தையும் உச்சியைப் பார்த்துப் பார்த்து வெட்டிவிட்டு இறங்கினாள். "இனி உங்க பாடு அண்ணே" என்றாள்.

அமலதாஸ் ஏறி உட்கார்ந்தார். கம்பியை இறக்கினார். சிலுவை போட்டுக்கொண்டார். முதல் மரத்தைக் கவ்வினார். ரம்பம் பாய்ந்தது. மரம் முனகியது.

"கேக்கு" என்றார் அமலதாஸ்.

கைகள் ஜாய்ஸ்டிக்கிலேயே இருந்தன. மரத்தோடு சேர்ந்து மெல்ல முன்னால் போயின. மரம் படுத்தது. உருளைகள் அதை இழுத்தன. நாலு துண்டு.

இரண்டாவது மரம். "கேக்கு... கேக்கு... அப்படியே... ரோஜா பத்திரம்..."

வாக்கிடாக்கியின் பொத்தான் அவர் வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே அமுங்கிக் கிடந்தது. அது அவருக்குத் தெரியாது. சிவப்புக் கொடிக்கு அப்பால் நின்றவர்கள் எல்லார் காதிலும் ஒவ்வொரு மரத்துக்கும் கேக்கு, கேக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதிகாரி மலாய்க்காரர். ரூபேந்திரனைப் பார்த்து, இது புது முறையா என்று கேட்டார். ரூபேந்திரன் தலையைச் சொறிந்தார். நியூசிலாந்தில் இல்லை என்று மட்டும் சொன்னார். மலர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பதிமூன்றாவது மரம் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அக்கேசியாவில் சிலது அப்படித்தான். பட்டை பளபளக்கும், உள்ளே நடுத்தண்டு மக்கிப் போயிருக்கும். அமலதாசுக்கும் அது தெரியவில்லை. கீழே நின்று தட்டிப் பார்த்திருந்தால் சத்தத்தில் பிடித்திருப்பார். நூறு தடவை பிடித்திருக்கிறார். கண்ணாடிக்குள் இருந்து எப்படித் தட்டுவது? ரம்பம் பாய்ந்து மரம் அசைந்ததும், மேலே பாதியில் படாரென்று வெடித்தது. அடித்தண்டு நண்டின் பிடியில் நிற்க, உச்சி முறிந்து, நாரில் தொங்கியபடி, இலையும் கிளையுமாக நேராகக் கூண்டை நோக்கி வந்தது.

வாக்கிடாக்கியில் கேக்கு நின்றுவிட்டது.

ரூபேந்திரன் அந்தக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்தில் அது தெரியாதுதான். தெரியுமென்பது போலப் பார்த்தார்.

இரும்புக் கை வலப்பக்கம் சுழன்றது. அவசரமாக இல்லை. வேன் வளைவில் திரும்புவது போலச் சுழன்றது. அடித்தண்டு போன திசையில் தொங்கிய உச்சியும் இழுபட்டுப் போய், கூண்டின் ஓரத்தை இலைகளால் ஒரு துடை துடைத்துவிட்டு, வெட்டவெளியில் தொப்பென்று விழுந்தது. புழுதி எழுந்தது. நண்டு மரத்தை விடாமல் நின்றது. மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. கம்பி மேலே போயிருந்தால் அந்தக் கை இப்படிச் சுழன்றிருக்காது.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். மெஷின் அசையவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஓகேவா?" என்று ரூபேந்திரன் கையை உயர்த்திக் கட்டைவிரலைக் காட்டிச் சைகையால் கேட்டார். பதில் வாக்கிடாக்கியில் வந்தது.

"ஓகே லா தம்பி. கை இங்கதான் இருக்கு. காலு ரெண்டும் ஓடிப் போயிருச்சு. திரும்பி வரட்டும்னு உக்காந்திருக்கேன்."

ரூபேந்திரன் அதை மலாயில் சொன்னதும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நேரத்தை மறுபடி பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு ஒன்று கேட்டது. அதன் பிறகு, "கேக்கு" என்று பதினாலாவது மரம் தொடங்கியது.

இருபதும் முடிந்து அவர் இறங்கியபோது சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது. மலர் ஓடி வந்து, "கேக் அண்ணே, எனக்கு ஒரு துண்டு?" என்றாள். அப்போதுதான் பொத்தான் அமுங்கியிருந்த கதை அவருக்குத் தெரிந்தது. வெட்கத்தில் காதுவரை சூடேறியது. அதிகாரி அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மார்க் எழுபத்தாறு. திரையில் எடுத்ததைவிடக் குறைவு. கம்பி என்று போட்டிருந்த கட்டத்தில் பெரிய பூஜ்யம். அமலதாஸ் வாழ்க்கையில் வாங்கிய பூஜ்யங்களில் அவ்வளவு அழகானது வேறு இல்லை.

ஐந்தரைக்கு வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. டொரத்தி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

"மீன் பொரிக்கட்டுமா?"

"நான் முட்டை பொரிக்கிறேன்" என்றார் அமலதாஸ். அடுப்புக்குப் பின்னால் கையை நீட்டி, பார்க்காமலே, பச்சை மைலோ டின்னை எடுத்தார்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. மேட்டுக்காட்டுக்குப் போன கூட்டாளிகள் சனிக்கிழமை கடையில் பார்த்தால், "கேக் அண்ணே, உன் நண்டு எப்படி?" என்று விசாரிக்கிறார்கள். அவருடைய பழைய செயின்சா, ஸ்டோரில் எண்ணெய் தடவி வைத்தபடி இருக்கிறது. எங்காவது மரம் மாட்டிக்கொண்டால் எடுப்பார், வைப்பார். கண்ணாடிக்குள் இருந்து மக்கிய மரத்தைக் கண்டுபிடிக்க இப்போது உச்சி இலையின் நிறத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டு வருகிறார். பத்தில் ஏழு சரியாக இருக்கிறது. மலர் அதையும் அவரிடமிருந்து கற்று, எட்டு என்று சொல்லிக்கொள்கிறாள்.

டொரத்திக்குத்தான் ஒரு புதுக் குறை. "தினமும் வந்து உக்காந்து, உப்புக் கொறைச்சல், புளி கூடன்னு சொல்றாரு. முன்னாடி எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள்தான் கேக்கணும்" என்று கோயிலில் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இரண்டு பேரும் வேனில்தான் போகிறார்கள். அவர் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதலில் அவர் மடியில் ஒரு கேக் பெட்டியை வைப்பாள். வைத்த பிறகுதான் சாவியைத் திருப்புவாள். உள்ளே ஒன்றும் இல்லை, காலிப் பெட்டி. அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் கோயில் வாசல் வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.